ஃபிரிட்ஜ் மேல் வைத்த பூ



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற பழக்கம் ஓய்வு பெற்றும் போகவில்லை. நேரம் இருக்கும்போது காபி எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

அடுத்த வாரம் பிப்ரவரி 14. என் வாட்ஸ்அப்பில் வழக்கம்போல இரண்டு வகைச் செய்திகள் வரத் தொடங்கிவிட்டன. இதயம் போட்ட தள்ளுபடி விளம்பரங்கள் ஒரு வகை. "இது நம் பண்பாடா? பெற்றோர்களே, பிள்ளைகளைக் கண்காணியுங்கள்" என்கிற எச்சரிக்கைகள் இன்னொரு வகை. இரண்டாவது வகையை அனுப்புகிறவர்களில் என்னோடு வேலை பார்த்த ஆசிரியர்கள் அதிகம். இருபது வருடங்களுக்கு முன்னால் வாட்ஸ்அப் இருந்திருந்தால் அதை எழுதி அனுப்பும் முதல் ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

இன்று எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. காதலர் தினத்தை வீட்டுக்குள் அழைத்து வந்துவிடலாம். பாட்டியிலிருந்து பேத்தி வரை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கொண்டாடலாம். எங்கள் வீட்டில் மூன்று வருடமாகச் செய்கிறோம். ஏன் செய்கிறோம், இதில் நான் என்ன கற்றுக்கொண்டேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊர்க் கதை. ஓசூர்ப் பக்கம் படித்த பிள்ளைகளுக்கு இது தெரிந்ததுதான். வெளியூர் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். பாகலூர், பேரிகை, தளி, கெலமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் வெள்ளைப் பிளாஸ்டிக் போர்த்திய பசுமைக்குடில்கள். உள்ளே ரோஜா. சிவப்பு ரோஜாவில் இங்கே பேர் போனது 'தாஜ்மஹால்' என்கிற ரகம். பிப்ரவரி 14-க்குப் பூ வேண்டுமென்றால் மார்கழிக் குளிரிலேயே கணக்குப் போட்டுச் செடியைக் கவாத்து செய்ய வேண்டும். ஒரு வாரம் முந்தினாலும் பிந்தினாலும் விலை போச்சு. ஜனவரி கடைசியில் அறுவடை சூடுபிடிக்கும். விடிவதற்கு முன்னாலேயே பூ வெட்டி, காம்பின் நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, குளிர் அறையில் வைத்து, பெங்களூரு விமான நிலையத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து வெளிநாடுகளுக்குப் போகும்.

அந்த நாட்களில் என் வகுப்பில் சில பிள்ளைகள் முதல் பீரியடிலேயே தூங்கி விழுவார்கள். "ஏண்டா?" என்று கேட்டால், "அம்மா அப்பா ரெண்டு பேரும் பூக் கம்பெனிக்குப் போயிட்டாங்க ஐயா, தங்கச்சியை நான்தான் பாத்துக்கிட்டேன்" என்பார்கள். ஒரு பையனின் அம்மா ஒருமுறை பள்ளிக்கு வந்திருந்தார். கை முழுக்க முள் கீறல். "ஒரு நாளைக்கு எத்தனை பூ வெட்டுவீங்கம்மா?" என்று சும்மா கேட்டேன். "எண்ணினதில்லைங்க சார். ஆனா இத்தனை வருசத்துல ஒரு பூ வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதில்லை" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அது பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. உலகத்துக்கே காதலைச் சொல்லப் பூ அனுப்புகிற ஊர் இது. எங்கள் வீடுகளுக்குள் அந்தப் பூ வந்ததே இல்லை.

சரி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், பிப்ரவரி 13 சாயங்காலம், என் மருமகள் வந்து, "மாமா, நாளைக்கு ராத்திரி எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டுட்டு காதலர் தினம் கொண்டாடலாமா? வீட்டிலேயேதான்" என்றாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "இதெல்லாம் நமக்குப் பழக்கமில்லம்மா" என்றேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "ஆமாமா, நமக்குப் பழக்கமில்லதான். முப்பத்தொன்பது வருசமா வெள்ளிக்கிழமை தவறாம பூ வாங்கிட்டு வர்றார். கொண்டுவந்து ஃபிரிட்ஜ் மேல வச்சிட்டுப் போயிடுவார். ஒரு நாள் கையில குடுத்ததில்ல."

கோபமாகச் சொல்லவில்லை. மருமகளிடம் ஊர்ச் செய்தி சொல்வதுபோலத்தான் சொன்னார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. முழம் போட்டு, வாழையிலையில் மடித்து, நூல் கட்டி வாங்கி வருகிறேன். மழையானாலும் வாங்காமல் வந்ததில்லை. அதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன். ஃபிரிட்ஜ் வருவதற்கு முன்னால் எங்கே வைத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். சாமி படத்து மாடத்தில் வைத்திருக்கிறேன். சைக்கிள் கேரியரில் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். கையில் கொடுத்த ஞாபகம் நிஜமாகவே இல்லை.

இது என் ஒருவன் கதை என்றால் பொதுவில் எழுத மாட்டேன். நம் வீடுகளில் அன்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அன்பைப் பொருளாக ஓர் இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிற பழக்கம்தான் இருக்கிறது. அப்பா பரீட்சைக்கு முன்னால் புதுப் பேனா வாங்கி மேசைமேல் வைப்பார். அம்மா திட்டிவிட்டு, அரை மணி கழித்துத் தட்டில் தோசை வைப்பாள். வாங்கிக்கொள்கிறவன் அதை அன்பு என்று மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் மொழிபெயர்த்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு எப்போதும் அது முடிவதில்லை.

முடியாதபோது என்ன ஆகும் என்பதற்கு நானே ஒரு சாட்சி. சாட்சி என்று சொல்வதைவிடக் குற்றவாளி என்பதே பொருத்தம். இதை இதுவரை எழுதியதில்லை. சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டுத்தான் இப்போது எழுதுகிறேன். யார், எந்த ஊர் என்று தயவுசெய்து கீழே யாரும் ஊகம் செய்ய வேண்டாம்.

2003 பிப்ரவரி 14, வெள்ளிக்கிழமை. காதலர் தினம் சின்ன ஊர்களுக்கும் வந்து சேர்ந்திருந்த காலம். 1999-ல் அந்தப் பெயரிலேயே ஒரு சினிமா வந்திருந்தது. அன்று என்ன நிறத்தில் உடுத்தினால் என்ன அர்த்தம் என்றெல்லாம் பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். எங்களுக்கு அன்றைக்குப் பள்ளியைக் 'காப்பாற்றுகிற' வேலை. பைகளைச் சோதித்தோம். பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் தமிழ் நோட்டுக்குள் ஒரு வாழ்த்து அட்டை இருந்தது. உள்ளே இரண்டு வரி. கையெழுத்து இல்லை.

நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக அவள் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வந்தார். அட்டையை அவர் கையில் கொடுத்தேன். அவர் என்னைக் கும்பிட்டு, "நல்ல நேரத்தில சொன்னீங்க சார்" என்றார். ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு அன்று வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் பூவும் வாங்கிக்கொண்டு போயிருப்பேன், வெள்ளிக்கிழமை இல்லையா!

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. வைகாசியில் கல்யாணப் பத்திரிகை வந்தது. பெண்ணுக்கு 18 வயது ஆக வேண்டும் என்று 1978-லிருந்தே சட்டம் இருக்கிறது. எனக்கு அது தெரியும். அவளுக்கு 16 தான் என்பதும் வருகைப் பதிவேட்டில் என் கையாலேயே எழுதியது. நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. போகாமல் இருந்ததே என் எதிர்ப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போய்த் தடுத்திருக்க வேண்டும். ஒரு புகார் எழுதியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை.

பல வருடம் கழித்து, ஓய்வூதியர் நேர்காணலுக்காகக் கருவூலத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மாமனாரை அழைத்துக்கொண்டு அவரும் வந்திருந்தார். (அவள் என்று இனி எழுத எனக்கு மனம் வரவில்லை.) அவர்தான் என்னை அடையாளம் கண்டு எழுந்து வந்து பேசினார். இரண்டு பிள்ளைகள், மூத்தவன் காலேஜ் போகப் போகிறான் என்றார். நான் அந்த நாளைப் பற்றித் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தேன். மன்னிப்பு கேட்டேன்.

அவர் அழவில்லை, கோபப்படவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் ஐயா. அப்பாகிட்ட என்னால எதையும் சொல்லியிருக்க முடியாது. உங்ககிட்ட சொல்லியிருப்பேன்" என்றார். அதற்குள் மாமனாரின் பெயரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

அந்த அட்டை யார் கொடுத்தது, அவர் விரும்பி வாங்கியதா, யாரோ நோட்டுக்குள் செருகியதா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவில்லை. இனிமேல் கேட்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அவர் சொன்ன அந்த மூன்று வாக்கியங்களை நான் நினைக்காத நாள் கிடையாது. வீட்டில் சொல்ல முடியாது. நம்பிச் சொல்லியிருக்கக் கூடிய ஒரே ஆளான நானோ கேட்கவில்லை. ஒரு பெண்ணின் படிப்பு அந்த இடைவெளியில் விழுந்து காணாமல் போயிற்று.

அதனால்தான் காதலர் தினத்தைப் பற்றிப் பேசும்போது 'பிள்ளைகளைக் கண்காணியுங்கள்' என்ற அறிவுரை எனக்கு இப்போது கசக்கிறது. கண்காணித்தோமே! என்ன கிடைத்தது? கண்காணிக்கப்படுகிற பிள்ளை நன்றாக மறைக்கக் கற்றுக்கொள்கிறது. அவ்வளவுதான். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நம் வீட்டுப் பிள்ளைக்கு யார்மீதாவது விருப்பம் வந்தால், அல்லது விருப்பம் என்ற பெயரில் யாராவது தொந்தரவு கொடுத்தால், அதை வந்து சொல்வதற்கு வீட்டில் ஓர் ஆள் இருக்கிறாரா? 'அன்பு' என்ற சொல்லையே பெரியவர்கள் வாயிலிருந்து கேட்டிராத வீட்டில், அந்தப் பிள்ளை எந்தச் சொல்லை வைத்துப் பேச்சைத் தொடங்கும்?

இனி, எதிர்த்துக் கேட்கப்படும் கேள்விகள். நானே கேட்டவைதான்.

இது மேல்நாட்டுப் பழக்கம் இல்லையா? ஆமாம். வாலண்டைன் என்பவர் ரோமாபுரிக் காலத்துக் கிறித்தவப் புனிதர். அவர் பெயரில் அமைந்த நாளைக் காதலோடு சேர்த்துப் பாடியவர்களில் முந்தியவர் 14-ம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர். நம் ஊருக்கு இது வந்தது 1990-களில், கேபிள் டிவியும் வாழ்த்து அட்டைக் கடைகளும் வந்தபோதுதான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. உடனே சிலர், "நம்மிடம் முன்பே இருந்தது" என்று கிளம்புவார்கள். கலித்தொகையில் காமவேள் விழா வருகிறது, தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களில் மாசியில் காமன் பண்டிகை நடக்கிறது, எல்லாம் உண்மைதான். ஆனால் நமக்கு முன்பே இருந்தால்தான் ஒரு நல்ல பழக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமா? பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறோம். அது அவ்வையார் காலத்துப் பழக்கமா?

மேல்நாட்டிலும் ஒவ்வொரு ஊரும் இந்த நாளைத் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருக்கிறது. பின்லாந்திலும் எஸ்தோனியாவிலும் இது நண்பர்கள் தினம். அமெரிக்காவில் இருக்கும் என் மகள் வீட்டுப் பேரன் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது, அன்றைக்கு வகுப்பில் இருக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரு சின்ன அட்டை எழுதி எடுத்துப் போனான். ஒருவரைக்கூட விடக்கூடாது என்று பள்ளியிலேயே சொல்லி அனுப்புகிறார்களாம். கேட்டதும் எனக்குக் கூச்சமாக இருந்தது. அதே நாளில் நாங்கள் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தோம்!

நாம் நம் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்? தமிழ்ச் சொல்லே நமக்கு இடம் கொடுக்கிறது. 'காதல்' என்றாலே ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் என்று நாம் சுருக்கிவிட்டோம். பழைய தமிழில் 'காதலன்' என்றால் கணவன் என்றும் பொருள், மகன் என்றும் பொருள். தமிழ் லெக்சிகனைப் புரட்டிப் பாருங்கள். மகனைக் காதலன் என்று சொன்ன மொழியில், மகனோடு உட்கார்ந்து காதலர் தினம் கொண்டாட என்ன தடை?

வள்ளுவரையும் கொஞ்சம் பாருங்கள். காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள். அதில் கல்யாணத்துக்கு முந்தைய களவியலுக்கு 7 அதிகாரங்கள்தான். கற்பியலுக்கு 18. அதாவது 70 குறள் முன்னால், 180 குறள் பின்னால். பிரிவு, ஏக்கம், கனவு, ஊடல், அந்த ஊடலில் வருகிற மகிழ்ச்சி என்று, சேர்ந்து வாழத் தொடங்கிய பிறகுதான் சொல்ல நிறைய இருக்கிறது என்பது அவர் கணக்கு. நாமோ தாலி கட்டியதும் அந்தப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். முப்பத்து நான்கு வருடம் தமிழ் நடத்தினேன். ஒரு வகுப்பிலும் அந்த 250 குறளில் ஒன்றைச் சொல்லிக் கொடுத்ததில்லை. பாடத்தில் இல்லை என்று தப்பித்துக்கொண்டேன்.

வியாபாரிகள் செய்கிற தந்திரம் இல்லையா? பாதி உண்மை. அதனால்தான் எங்கள் வீட்டில் கடையில் வாங்குவது ஒன்றே ஒன்று. ஏற்றுமதிக்குக் காம்பு நீளம் போதாமல் ஒதுக்கிய ரோஜா, ஓசூரில் சல்லிசாகக் கிடைக்கும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பூ. அதை வெட்டிய கை நம் ஊர்க் கை என்பதால் எனக்கு அதில் உறுத்தல் இல்லை. ரோஜா கிடைக்காத ஊரில் செம்பருத்தி போதும்.

அன்புக்கு ஒரு நாளா, தினமும் இருக்க வேண்டாமா? இதைக் கேட்பவர்களிடம் நான் ஒன்றே ஒன்று கேட்பேன். நேற்றைக்கு உங்கள் வீட்டில் யாரிடம், என்ன சொன்னீர்கள்? தினமும் வணங்க வேண்டிய நெல்லுக்கும் மாட்டுக்கும்கூட நாம் பொங்கல் என்று நாள் குறித்து வைத்திருக்கிறோம். நாள் குறிக்காத வேலை நடக்காது என்பது பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

பூங்காவிலும் கடற்கரையிலும் அன்றைக்குப் பிள்ளைகளைத் துரத்துகிறவர்கள், நாய்க்கும் கழுதைக்கும் தாலி கட்டி எதிர்ப்பு காட்டுகிறவர்கள் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. 2023-ல் இந்திய விலங்குகள் நல வாரியம் பிப்ரவரி 14 அன்று பசுவைக் கட்டி அணைக்கும் நாள் கொண்டாடச் சொல்லி அறிக்கை விட்டு, கேலி கிளம்பியதும் சில நாளில் திரும்பப் பெற்றது. பசுவை அணைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பால் கறந்த குடும்பம்தான் எங்களுடையது. ஆனால் பசுவைக்கூட அணைத்துவிடுவோம், பெற்ற மகனை அணைக்க வெட்கப்படுவோம். நம் நிலைமை அப்படி இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கொண்டாடுங்கள் என்று நான் சொல்வது, வெளியே காதலிக்கிற பிள்ளைகளுக்கு எதிராக அல்ல. 'காதலர் தினத்துக்குப் பதில் குடும்ப தினம்' என்று யாராவது இந்தப் பதிவைப் பகிர்ந்தால் வருத்தப்படுவேன். அவர்களை ஒழிப்பதற்காக இல்லை, அவர்கள் வீட்டுக்கு வந்து பேசுவதற்காகத்தான்.

எப்படிச் செய்கிறோம் என்று கேட்பீர்கள். பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. இரவுச் சாப்பாடு எல்லோரும் சேர்ந்து. கைப்பேசிகள் எல்லாம் காய்கறிக் கூடைக்குள். சாப்பிட்டு முடித்ததும், ஒவ்வொருவரும் மற்றவர் கையில் ஒரு பூவைக் கொடுத்து, இந்த வருடத்தில் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். 'நீ ரொம்ப நல்லவள்' என்று பொதுவாகச் சொன்னால் செல்லாது. என்றைக்கு, என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். சொல்ல வராதவர்களை வற்புறுத்தக் கூடாது. அந்த ராத்திரி யாரையும் திருத்தக் கூடாது. இந்தக் கடைசி விதி எனக்காகவே மருமகள் போட்டது.

முதல் வருடம் சுமாராகத்தான் போயிற்று. மகன் பாதியில் ஆபீஸ் போன் என்று எழுந்து போனான். என் மனைவி, "எனக்கு இதெல்லாம் வராது" என்று பால் காய்ச்சப் போய்விட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மேடையில் பேசுவதுபோல ஆரம்பித்தேன், எல்லோரும் சிரித்தார்கள். அப்போது ஒன்பது வயதாக இருந்த பேத்திதான் முதலில் ஒழுங்காகப் பேசினாள். "தாத்தா, நீங்க என்னைத் திட்டினா அப்புறமா என் தலைகாணி பக்கத்துல பிஸ்கட் வைக்கிறீங்க. எனக்குத் தெரியும். அடுத்த தடவை பிஸ்கட்டோட ஸாரியும் சொல்லுங்க." ஃபிரிட்ஜ் மேல் பூ வைத்த அதே கை, பிஸ்கட்டையும் வைத்துவிட்டு நகர்ந்திருக்கிறது!

என் அக்கா எங்களோடுதான் இருக்கிறார். அத்தான் காலமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் கையில் யாரும் பூ கொடுத்ததில்லை. விசேஷ வீடுகளில் பூத்தட்டு நீட்டிக்கொண்டு வரும் பெண்கள் அவரைத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். நானும் அவரைத் தாண்டித்தான் ஃபிரிட்ஜ் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். அன்று பேரன் அவர் கையில் ரோஜாவைக் கொடுத்து, "பெரியபாட்டி, எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ரெண்டு நாள் ராத்திரி முழிச்சிருந்தீங்க" என்றான். அக்கா ஒன்றும் பேசவில்லை. தலையில் வைக்கவும் இல்லை. ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் பூவைப் போட்டு, படுக்கையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஜன்னலில் வைத்துக்கொண்டார். இதழ் எல்லாம் கருத்து உதிரும்வரை எடுக்கவிடவில்லை. தனியாக இருக்கும் அத்தை, சித்தி, பெரியப்பா யாராவது உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ இருந்தால் அன்றைக்கு முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள். காதலர் தினம் என்று பெயர் இருப்பதால் அவர்களுக்கு அதில் இடமில்லை என்று ஆக்கிவிடாதீர்கள்.

என் மனைவி? இரண்டாவது வருடம் நான் பூவைக் கையில் கொடுத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இங்கே வேண்டாம். எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "சரிங்க. எனக்கு வாழ்த்தெல்லாம் வேணாம். நாளைக் காலையிலிருந்து காபி நீங்க போடுங்க." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலைக் காபி என் பொறுப்பு. முதல் வாரம் டிகாஷன் இறங்காமல் பட்ட பாடு தனிப் பதிவு. காலை ஐந்தரைக்கு எழுந்து அடுப்புப் பற்றவைக்கும்போதெல்லாம், முப்பத்தொன்பது வருடம் இதே நேரத்தில் ஒருவர் எழுந்துகொண்டிருந்தார் என்பது ஞாபகம் வருகிறது. வாயால் சொல்வதை மட்டும் அன்பு என்று நான் வாதாடவில்லை. சொல்லத் தொடங்கினால்தான், மற்றவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று நமக்குத் தெரியவருகிறது. அவருக்குப் பூவைவிடக் காலை அரை மணி நேரத் தூக்கம் தேவையாக இருந்திருக்கிறது. கேட்டிருந்தால் எப்போதோ சொல்லியிருப்பார்.

போன வருடம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பிப்ரவரி 14 முடிந்து ஒரு வாரம் இருக்கும். சாயங்கால நடைக்குப் பேரனும் கூட வந்தான். பதினைந்து வயது. ஏரிக்கரை வரை பேசாமலே வந்தவன், "தாத்தா, ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே?" என்றான். சொன்னான். கால் மணி நேரம் சொன்னான்.

எனக்கு நாக்கின் நுனியில் மூன்று கேள்விகள் வந்து நின்றன. யார் வீட்டுப் பெண்? என்ன ஆளுங்க? படிப்பு என்ன ஆவது? மூன்றையும் விழுங்கினேன். இரண்டாவது கேள்வி என் வாயில் வந்ததற்கு இன்னும் வெட்கப்படுகிறேன். எத்தனை வீடுகளில் அந்த ஒரு கேள்வி பிள்ளைகளின் உயிரையே எடுத்திருக்கிறது என்று தினமும் செய்தித்தாளில் படிக்கிற ஆள் நான். கடைசியில், "உனக்கு எப்படி இருக்கு? ஏதாவது கஷ்டமா இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். "இல்ல தாத்தா, சும்மா சொல்லணும்னு தோணுச்சு" என்றான். அவன் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அவன் அப்பாவிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நேரம் வந்தால் அவனே சொல்லுவான், கூட நான் இருப்பேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. 2003-ல் ஒரு பெண்ணிடம் கேட்காத கேள்வியை, இருபது வருடம் பிந்தி வேறொரு பிள்ளையிடம் கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. இதனால் அந்தப் பழைய கணக்கு நேராகிவிடாது. அவருடைய படிப்பை யாராலும் திருப்பித் தர முடியாது. ஆனால் என் மாணவர்களாகிய நீங்கள் இப்போது அப்பாக்கள், அம்மாக்கள், சிலர் ஆசிரியர்கள். உங்கள் வீட்டிலும் வகுப்பிலும் பதினைந்து, பதினாறு வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

வரும் 14-ம் தேதி பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். பூவை மேசைமேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கையில் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு வாக்கியம் சொல்லுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்தாலும், அன்று ஒரு நாள் திருத்தாமல் கேளுங்கள்.

என் பிரம்படி வாங்கியவர்கள் இந்தப் பட்டியலில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கும் இந்த வருடம் என் பங்குக்கு ஒரு ரோஜா. ஊர்ப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், கையிலேயே கொடுக்கிறேன். காபியும் நானே போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமைப் பூ இப்போதும் தவறாமல் வாங்குகிறேன். போன வாரம் ஞாபக மறதியில் பழையபடி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன். பேத்தி அதை எடுத்து வந்து என் கையில் திணித்து, சமையலறைப் பக்கம் என்னைத் தள்ளிவிட்டாள்.